இடது பக்க முன் சக்கரம்

எல்லாரும் எப்படி இருக்கீங்க? உடம்பெல்லாம் சௌக்கியமா? முட்டி, இடுப்பு எல்லாம் சொன்ன பேச்சு கேக்குதா? எனக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. இடது காது கொஞ்சம் மந்தம், அதுவும் சில பேரு பேசும்போது வசதியாத்தான் இருக்கு. இங்க ஐஸ்லாந்து வடக்குல பனி இன்னும் விட்டபாடில்ல. ஏரி கல்லு மாதிரி கெடக்கு. ஆட்டுக்கெல்லாம் வைக்கோல் போட்டுட்டு வந்து, காப்பி வெச்சுக்கிட்டு உக்காந்து தட்டுறேன். எழுத்துப் பிழை இருந்தா நீங்களே திருத்திப் படிச்சுக்குங்க.

இன்னைக்கு ஒரு டயர் கதை சொல்லப் போறேன். சிரிக்காதீங்க. டயர்ல என்னம்மா கதைன்னு என் மகளே கேட்டா. இருக்கு.

எங்க ஊரு மீட்புக் குழுவுல ஒரு பெரிய ஜீப்பு இருக்கு. சக்கரம் ஒவ்வொண்ணும் என் இடுப்பு உயரம். ஏறணும்னா ஒருத்தர் பின்னாடி இருந்து தள்ளணும். மலை மேல பனியில யாராச்சும் மாட்டிக்கிட்டா, டயர்ல காத்தப் பூரா எறக்கி விட்டுட்டு, தோசைக்கல்லு மாதிரி பரப்பிக்கிட்டு பனி மேலயே ஊர்ந்து போயிரும். அந்த ஜீப்ப ஓட்டுறது எங்க வீட்டுக்காரரு ஸ்டெய்னார். சம்பளம் கிம்பளம் இல்ல, எல்லாரும் சும்மா செய்யுறதுதான். ஆனா அந்தச் சாவி எங்க வீட்டு வாசக்கதவு பக்கத்துல ஆணியிலதான் தொங்கும். எங்க கல்யாண போட்டோகூட அலமாரிக்குப் பின்னாடி போயிருச்சு, சாவி மட்டும் எடம் மாறுனதே இல்ல.

இந்தத் தை மாசம் போல ஒரு நாள், மேட்டுப் பக்கம் ரெண்டு ஜெர்மன்காரங்க வண்டியோட பனியில பொதைஞ்சுட்டாங்கன்னு போன் வந்துச்சு. இவரும் கோல்ப்ரூன்னு எங்க குழுப் பொண்ணும் போனாங்க. போற வழியில இடது பக்க முன் டயரு ரிம்ம விட்டுக் கழண்டுக்கிச்சு. காத்த ரொம்பக் கொறைச்சா அப்படி ஆகும். அதுக்கு எங்க ஆளுங்ககிட்ட ஒரு வைத்தியம் இருக்கு. டயருக்குள்ள கொஞ்சம் பெட்ரோல் மாதிரி ஊத்தி, தீக்குச்சியக் கிழிச்சுப் போட்டா, டமார்னு ஒரு சத்தம், டயரு போய் ரிம்முல கச்சிதமா உக்காந்துக்கும். கிட்ட நின்னா புருவம் போயிரும். இவருக்கு ஒரு பக்கப் புருவம் போயிருச்சு. ஜெர்மன்காரங்களக் கொண்டாந்து எறக்கிவிட்டுட்டு, அரைப் புருவத்தோட வந்து சூப்பு குடிச்சாரு. அன்னைக்கு இருந்த சந்தோஷம் இருக்கே.

அதுக்கப்புறம்தான் வண்டி ஆட ஆரம்பிச்சுச்சு.

மெதுவாப் போனா ஒண்ணும் இல்ல. அறுபது தாண்டுச்சுன்னா ஸ்டீரிங்கு கிடுகிடுன்னு நடுங்கும். பெரிய டயருக்கு இது வர்றதுதான். ஒரு பக்கம் துளி கனம் ஏறிட்டாலும் வண்டியே சாமி வந்த மாதிரி ஆடும். அதனாலதான் சக்கரத்துல எடை பாத்து, பேலன்ஸ் பண்ணி வெப்பாங்க. சின்னக் காருக்கு ரிம்மு ஓரத்துல ஈயக் கட்டி ஒட்டுவாங்க. எங்க பக்கம் கல்லும் ஐஸும் அத உடனே தட்டிவிட்டுரும். அதனால டயருக்குள்ளயே சின்னச் சின்ன வெள்ளை மணியா ஒரு ரெண்டு கையளவு போட்டு வெப்பாங்க. சக்கரம் சுத்தும்போது மணி தானா ஓடி, கனம் கொறைஞ்ச பக்கம் போய் உக்காந்துக்கும்.

குழுத் தலைவரு யாருன்னு கேட்டீங்கன்னா, என் கூடப் பொறந்த தம்பி பால்டுர். குழாய் வேலை பாக்குறவன். ஒரு நாள் இவரு பக்கத்துல உக்காந்து டவுனுக்குப் போய்ட்டு வந்தான். வந்து எங்க அடுப்படியில உக்காந்துக்கிட்டு, பிஸ்கட்ட காப்பியில முக்கிக்கிட்டே ஆரம்பிச்சான்.

"மச்சான், வண்டி கோட்டுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகுது."

"சக்கரம் ஆடுது. அதான்."

"சக்கரம்தானா?"

"பின்ன என்ன, நான் டான்ஸ் ஆடுறேனா?"

"உன் கையி நடுங்குது மச்சான். நான் பாத்தேன்."

"ஸ்டீரிங்கு நடுங்குனா கையி நடுங்காம என்ன செய்யும்? உன்னய அந்த ஸ்டீரிங்கப் பிடிக்கச் சொன்னா நீ பல்லோட சேத்து நடுங்குவ."

பால்டுர் சிரிக்கல. கப்ப கீழ வெச்சான். "சரி. ரக்னாகிட்டக் காட்டு. சக்கரம்தான்னா சக்கரம்தான், எனக்கும் சந்தோஷம். சக்கரம் சரியான பின்னாடியும் ஆடுச்சுன்னா சாவிய கோல்ப்ரூன்கிட்டக் குடுத்துரணும். பின்னாடி சீட்டுல அடிபட்டவங்க படுத்திருப்பாங்க மச்சான்."

"குடுத்துர்றேன்," அப்படின்னாரு இவரு. யோசிக்கவே இல்ல. அவ்வளவு நம்பிக்கை.

நான் பாத்திரம் கழுவுற மாதிரி திரும்பி நின்னுக்கிட்டேன். எங்க மாமியாருக்கு, அவரு அம்மாவுக்கு, கடைசி காலத்துல கையி நடுங்கும். பாதிக் கப்புதான் ஊத்திக் குடுப்போம். அது ஞாபகம் வந்துச்சு. உடனே, சீ, சக்கரம்தான்னு நெனச்சுக்கிட்டேன். நீங்களும் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க.

ரக்னா இவரோட அண்ணன் மக. ஏரிக்கு அந்தாண்ட ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கா. தரைக்கு அடியில பூமிக்குள்ள இருந்து வர்ற வெந்நீரு ஓடும், அதனால உள்ள போனா கோட்டக் கழட்டிடலாம். நாங்கெல்லாம் வேலை இல்லாட்டியும் அங்க போய் நிப்போம், கதகதன்னு இருக்கும்னு. அவ வாய் இருக்கே, அதுக்குத் தனியா லைசென்ஸ் வாங்கணும்.

"வா சித்தப்பா. புருவத்த எங்க வித்துட்ட?"

"சக்கரத்தப் பாருடி, மூஞ்சிய அப்புறம் பாக்கலாம்."

கையில இருந்த வேலைய முடிச்சுட்டு, மத்தியானத்துக்கு மேல சக்கரத்தப் பூராக் கழட்டி, லாரிச் சக்கரம் மாட்டுற பெரிய மிஷின்ல ஏத்திச் சுத்தவிட்டா. நாலும் அச்சுல வார்த்த மாதிரி சுத்துச்சு. "உன் சக்கரத்துக்கு ஒரு கேடும் இல்ல சித்தப்பா. என் வீட்டுக்காரனுக்கு இந்த மாதிரி நிதானம் இருந்தா நான் பொழைச்சுப்பேன்."

திரும்பி வரும்போது வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. இவரு பாட்டே பாடிக்கிட்டு வந்தாரு. மறுநா காலையில ஆட்டுத் தீவனம் வாங்கக் கெளம்புனோம், அறுபதத் தாண்டுனதும் மறுபடி கிடுகிடு. திரும்ப ரக்னாகிட்டப் போனோம். அவ கைவேலையா இருந்தா, சாயங்காலம்தான் எடுத்துப் பாத்தா. மறுபடி ஒண்ணும் இல்லங்குறா. மறுநா மறுபடி ஆடுது.

ஊரு சின்ன ஊரு. எங்க ஊருல நல்லது கெட்டது எல்லாம் வெந்நீர்க் குளத்துலதான் பேசுவாங்க. கழுத்து வரைக்கும் தண்ணியில உக்காந்துக்கிட்டு, தலையில கம்பளிக் குல்லா போட்டுக்கிட்டு. நான் போகும்போதே பேச்சு ஓடிக்கிட்டிருக்கு.

"ஸ்டெய்னார் சக்கரத்துக்கு வீட்டுல இருந்தா மட்டும்தான் காய்ச்சலாம்."

"பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத பையன் மாதிரியா?"

"குட்னி, உன் சமையலுக்குப் பயந்துதான் நடுங்குதாம், உண்மையா?"

எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்புறம் முன்னாடி தபால் ஆபீசுல வேலை பாத்த வயசான அம்மா ஒருத்தி, அந்தப் பக்கம் திரும்பி, "அவங்க அம்மாவுக்கும் கையி அப்படித்தானே"ன்னா. என் நல்ல காது பக்கமா சொல்லிட்டா. சிரிப்பு நின்னு போச்சு. எல்லாரும் ஆகாசத்தப் பாத்தாங்க. தண்ணி அவ்வளவு சூடா இருந்தும் எனக்குக் குளுந்துச்சு. துண்ட எடுத்துக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ரக்னாவுக்குப் போன் போட்டேன். அழுகையா வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். "ஏண்டி, உன் கடைய விட்டு வெளிய வர்றப்ப மட்டும் நல்லா ஓடுது, ராத்திரி வெளியில நின்னா ஆடுது. என்னடி இது?"

அவ ஸ்பானரக் கீழ வெக்குற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "சித்தி, ராத்திரி வெளியில நின்னாவா?"ன்னா. "நான் ஒரு முட்டாளு. உள்ள வா உள்ள வான்னு கூப்பிட்டு, அதுக்குச் சூடு காட்டி, கொணமாக்கி அனுப்பிக்கிட்டு இருக்கேன். இந்தத் தடவ அத உள்ள விடமாட்டேன். கொண்டாந்து ராத்திரி பூரா வாசல்ல நிறுத்துங்க."

நிறுத்துனோம். காலையில நல்ல உறைபனி. மூக்கு முடியெல்லாம் முள்ளாக் குத்துது. ரக்னா வாசல்லயே ஜாக்கி போட்டுத் தூக்கி, இடது பக்க முன் சக்கரத்தக் கையால சுத்திவிட்டா. சுத்திச்சு, மெதுவாச்சு, நின்னுச்சு. அடியில இருந்த எடத்துல சாக்பீஸால ஒரு கோடு போட்டா. மறுபடி சுத்துனா. அதே கோடு அடியில வந்து நின்னுச்சு. மறுபடியும் அதே. மத்த சக்கரமெல்லாம் கண்ட எடத்துல நிக்குது, இது மட்டும் அதே கோட்டுல போய்த் தொங்குது.

"உள்ள யாரோ உக்காந்திருக்காங்க சித்தப்பா," அப்படின்னா.

அந்தக் குளுருலயே டயரப் பிரிச்சா. உள்ள பாத்தா, பொரி உருண்டை மாதிரி ஒரு பெரிய உருண்டை! ஐஸும் வெள்ளை மணியும் சேந்து கெட்டியா ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. என் தலை அளவு இருக்கும்.

"எப்படி இவ்வளவு தண்ணி உள்ள போச்சு?"ன்னு ரக்னா கேட்டா.

இவரு தொப்பியத் தள்ளிவிட்டுக்கிட்டாரு. "அன்னைக்கு மலை மேல டயரு கழண்டப்ப மணியெல்லாம் பனியில கொட்டிருச்சு. அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. பனியோட சேத்து அள்ளி உள்ள போட்டேன்."

"பனியோடயா?"

"நெருப்பு வெக்கப் போறேன்ல, பனி எங்க இருக்கப்போகுது, ஆவியாப் போயிரும்னு நெனச்சேன்."

"அடப் பாவி சித்தப்பா! கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள அணையுற நெருப்புடா அது! நீ என்ன அதுல கறி சுட்டியா?" ரக்னா சித்தப்பாவ டா போட்டுட்டா, அவளுக்கே தெரியல. சிரிச்சுச் சிரிச்சு ஜாக்கி மேல உக்காந்துட்டா. கடைக்குள்ள வந்தா உருகி மணி ஓடுது, வெளியில நின்னா உறைஞ்சு கெட்டியாகுது. அதான் சங்கதி. இவரு அவளத் தூக்கிச் சுத்தாத கொறைதான். நான் அங்க இருந்த பீப்பா மேல சாஞ்சு நின்னு, கண்ணத் தொடச்சுக்கிட்டேன்.

அந்த உருண்டைய வாளியில போட்டு வீட்டுக்குக் கொண்டாந்துட்டாரு. பால்டுருக்குக் காட்டணுமாம். எங்க ஃப்ரீசர் பெட்டியில, ஆட்டுக்கறிக்குப் பக்கத்துல வெச்சாரு. வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் மூடியத் தொறந்து காட்டுவாரு. "பாத்துக்க. இதுதான் என் கையில இருந்த நடுக்கம்," அப்படிம்பாரு. கோல்ப்ரூன்கூட வந்து பாத்தா. எல்லாரையும் போல சிரிக்கல. போகும்போது வாசல்ல நின்னு பூட்ஸ மாட்டிக்கிட்டே என்கிட்ட, "நான் மணியப் பொறுக்கித் தர்றேன்னுதான் சொன்னேன் குட்னி. அவருதான் கேக்கல. ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தாரு, கையில நிக்கல. கோவம் வந்து அள்ளிப் போட்டுட்டாரு"ன்னா.

"குளுரு," அப்படின்னேன் நான்.

"ஆமா, குளுரு," அப்படின்னா அவளும்.

ரக்னா டயரக் காயவெச்சு, புது மணி போட்டு, சுத்தமா பேலன்ஸ் பண்ணி, ராத்திரி பூரா வெளியில நிறுத்தி, காலையில மறுபடி சுத்திப் பாத்தா. கண்ட எடத்துல நின்னுச்சு. அன்னைக்கே பால்டுரக் கூப்பிட்டாரு இவரு. வந்து உக்காரு, ஓட்டிக் காட்டுறேன்னு. பால்டுர் பின்னாடி ஏறிக்கிட்டான், நான் முன்னாடி. நல்ல வெயிலு. ஏரி பளபளன்னு கெடக்கு.

கெளம்புறதுக்கு முன்னாடி இவருக்கு ஒரு யோசனை. "குட்னி, பிளாஸ்க்ல இருந்து ஒரு கப்பு காப்பி ஊத்தி முன்னாடி பலகையில வை. நெறைய ஊத்து. விளிம்பு வரைக்கும்."

"எதுக்கு?"

"மச்சான், இதக் கேட்டுக்க. இதுல இருந்து ஒரு சொட்டு சிந்துச்சுன்னா சாவி உன்னுது."

"வேணாம் மச்சான், சும்மா ஓட்டு."

"இல்ல. நீயும் பாக்கணும், ஊரும் தெரிஞ்சுக்கணும்."

பால்டுர் என்னயக் கண்ணாடி வழியாப் பாத்தான். நான் ஊத்துனேன்.

வண்டி கெளம்புச்சு. நாப்பது. அம்பது. நான் கப்பயே பாத்துக்கிட்டிருக்கேன். அறுபது தாண்டுச்சு, காப்பி அசையல. எழுபது. மேல லேசா ஒரு வட்டம் வந்துச்சு, போயிருச்சு. எண்பது. எங்க சாமி அறியும், அந்தக் காப்பி கண்ணாடி மாதிரி நின்னுச்சு. அதுல சன்னலு தெரியுது, மேகம் தெரியுது. அந்தப் புள்ள ரக்னா எப்பேர்ப்பட்ட வேலை செஞ்சிருக்கா!

"பாத்தியா!" இவரு குரலு கிண்ணுன்னு இருந்துச்சு. "பாத்தியா மச்சான்! ஒரு சொட்டு! ஒரு சொட்டு சிந்துச்சா?"

"இல்ல மச்சான்," அப்படின்னான் பால்டுர்.

அவன் சொன்ன விதத்துல எனக்கு என்னமோ ஆச்சு. கப்புல இருந்து கண்ண எடுத்து ஸ்டீரிங்கப் பாத்தேன்.

கையி நடுங்குது. வலது கையி. கட்ட விரலு, ஏதோ ரொட்டித் துண்ட உருட்டுற மாதிரி, ஆள்காட்டி விரலு மேல உருண்டுக்கிட்டே இருக்கு. ஸ்டீரிங்கு ஆடல. வண்டி ஆடல. காப்பி ஆடல. அந்தக் கையி மட்டும்.

இவரு இன்னும் கப்பப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. யாரும் கூடச் சிரிக்கலையேன்னு என் மூஞ்சியப் பாத்தாரு. நான் எங்க பாக்குறேன்னு பாத்தாரு. அப்புறம் தன் கையப் பாத்தாரு.

வண்டி வேகம் கொறைஞ்சுச்சு. ஏரிக்கரையில பஸ் நிக்குற மேட்டுல ஓரமா நிறுத்துனாரு. இஞ்சின அணைச்சாரு. வண்டி நின்ன பின்னாடியும் அந்த விரலு உருண்டுக்கிட்டே இருந்துச்சு. இடது கையால அதப் பிடிச்சு அமுக்குனாரு. விட்டாரு. மறுபடி உருண்டுச்சு. யாரோ ஊரான் கையப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டிருந்தாரு.

"குட்னி," அப்படின்னாரு. "அந்தக் காப்பியக் குடு."

"ஆறியிருக்கும். நான் வேற ஊத்துறேன்." பாதிக் கப்பு ஊத்தலாம்னு பாத்தேன்.

"அதையே குடு."

குடுத்தேன். வலது கையாலதான் வாங்குனாரு. வாய்க்குக் கொண்டு போறதுக்குள்ள சிந்திருச்சு. ஒரு சொட்டு இல்ல. மணிக்கட்டெல்லாம் வழிஞ்சு, கம்பளிச் சட்டையில எறங்கி, தொடையில ஊறுச்சு. அவரு நிறுத்தல. மிச்சம் இருந்தத மெதுவாக் குடிச்சாரு. கப்ப என்கிட்டத் திருப்பிக் குடுத்தாரு. சாவிய உருவி, தலையத் திருப்பாம பின்னாடி நீட்டுனாரு.

"மச்சான், வண்டி ஓடும்போது சிந்தலையே," அப்படின்னான் பால்டுர்.

"சிந்துச்சுல்ல. வாங்கிக்கடா."

வாங்கிக்கிட்டான்.

திரும்பி வரும்போது பால்டுர் ஓட்டுனான். இவரு என் எடத்துல உக்காந்தாரு, நான் பின்னாடி. வழி பூரா ஒரே ஒரு வார்த்தைதான் பேசுனாரு. "பின்னாடி வலது பக்கம் காத்து கொஞ்சம் கொறைச்சலா இருக்கு. கோல்ப்ரூன்கிட்டச் சொல்லிடு." அவ்வளவுதான்.

அப்புறம் டாக்டர்கிட்டப் போனோம். என்ன நோயின்னு பேரும் தெரிஞ்சுபோச்சு. மாத்திரை சாப்பிடுறாரு. ஆட்டுக்கு வைக்கோல் போடுறதெல்லாம் அவருதான். சின்னக் கார எப்பவாச்சும் ஓட்டுறேங்குறாரு, நான் சாவிய எடுத்து ஏப்ரன்ல போட்டுக்குறேன், பாத்தும் பாக்காத மாதிரி போயிர்றாரு. ஆணி மட்டும் வாசக்கதவு பக்கத்துல அப்படியே இருக்கு. போன வாரம் மலைப்பக்கம் யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு எல்லார் போனும் ஒண்ணா அடிச்சுச்சு. இவரும் எந்திரிச்சு, பூட்ஸ மாட்டி, கதவு வரைக்கும் போய், கைய அந்த ஆணி மேல வெச்சுட்டாரு. அப்படியே நின்னாரு. கோல்ப்ரூன் அந்த ஜீப்ப ஓட்டிக்கிட்டு எங்க வீட்டத் தாண்டிப் போற சத்தம் கேட்டுச்சு. அது தேயுற வரைக்கும் தலையச் சாய்ச்சுக் கேட்டுக்கிட்டிருந்தாரு. "நல்லா ஓடுது," அப்படின்னாரு. பூட்ஸக் கழட்டுறதுக்கு நான்தான் குனிஞ்சேன்.

அந்த உருண்டை இன்னும் பெட்டியிலதான் இருக்கு. ஆட்டுக்கறி எடுக்கப் போகும்போதெல்லாம் கையில படும். தூக்கிப் போட்டுரலாமான்னு ஒரு தடவ கேட்டேன். "இருக்கட்டும்"ன்னுட்டாரு. இப்பல்லாம் யாருக்கும் தொறந்து காட்டுறதில்ல.

உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தரு இருந்திருப்பாரு. வண்டியோ, தையல் மிஷினோ, கத்தியோ, எதுவோ ஒண்ண அவரு கையில இருந்து வாங்கியிருப்பீங்க. யாரு கேட்டீங்க, எப்படிக் கேட்டீங்க, அதுக்கப்புறம் அவரு பகல்ல என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாரு? கொஞ்சம் எழுதுங்க. சின்னதா எழுதுனாலும் போதும். இவரு ஆட்டுக் கொட்டாய்க்குப் போயிருக்குற நேரம் பாத்து நான் உக்காந்து படிக்கிறேன்.